அழிக்கவில்லை, மூடித்தான் வைத்தாய்

கணினிக்குப் போர்த்தியிருந்த துணியை இன்று காலை எடுத்ததும் யூக்கலிப்டஸ் வாசம் வந்தது. நீ தைத்துப் போட்ட துணி. பாடகர் குழுவின் பழைய அங்கி ஒன்றைக் கத்தரித்து, உள்பக்கம் ஒரு சின்னப் பை வைத்து, அதற்குள் காய்ந்த இலைகளைப் போட்டிருந்தாய். பூச்சி அண்டாதாம். கணினிக்குள் எந்தப் பூச்சி குடியேறப் போகிறது என்று நான் சிரித்தேன். "வராட்டிப் போவட்டும் புள்ள, மணமாச்சும் இருக்கும்ல," என்றாய். இலைகள் தூளாகிவிட்டன. மணம் இன்னும் இருக்கிறது. துணியை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் வெளிச்சம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, ஹாலிஎல ஸ்டேஷன் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ரயில் நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்தக் கணினி கோயில் ஆபீசுக்கு வந்த நாளிலும் இதே பனிதான். பாதர் அதைப் பதுளையிலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்கினார். ஞானஸ்நானப் பதிவேடுகள் ஈரத்தில் ஊறி, பக்கத்தைப் புரட்டினால் பக்கமே கையோடு வந்துகொண்டிருந்த காலம். சுற்றுவட்டத் தோட்டங்களில் இருந்து அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஆதாரம் தேடி வருகிறவர்களில் பலருக்கு அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரியைத் தவிர பிறந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. "தமிழ் நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் போதும், அப்படியே தட்டிப் போட்டுடலாம்," என்றார் பாதர். கோயிலில் அப்போது வேலை வெட்டி இல்லாமல் இருந்த இரண்டு பேர் நீயும் நானும். முப்பது வருஷம் பதுளைத் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்து ஓய்ந்தவள் நான். நாற்பது வருஷம் நமுனுகுல மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவள் நீ. பாதர் பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டு, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

திரை நீலமாக விழித்தது. நாம் இருவரும் அதன் முன்னால் சாமி கும்பிடுகிற மாதிரி நின்றோம். "இப்ப என்னா செய்யணும்?" என்று நீ கேட்டாய். "ஒன்றையும் தொடாமல் இருக்க வேண்டும்," என்பதுதான் எனக்குத் தோன்றிய ஒரே பதில்.

அங்கேயே தொடங்கிவிட்டது நம் இருவருக்கும் உள்ள வித்தியாசம். எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டால் அந்த வழியிலேயே போய் அந்த வழியிலேயே திரும்ப வேண்டும். உனக்கு அப்படியில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பத்து நிமிஷம் உன்னுடையது. "சும்மா என்னா இருக்குன்னு பாப்போம்," என்று மவுஸை எடுத்துத் திரையில் ஒரு வெற்றிடத்தில் வைத்து, வலப் பக்கப் பொத்தானை அழுத்துவாய். ஒரு பட்டியல் விரியும். அதில் ஒவ்வொரு வரியாகப் போய் நின்று பார்ப்பாய். ஆங்கிலம் உனக்கும் தெரியாது, எனக்கும் அரைகுறை. ஆனாலும் அழுத்துவாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன்.

"ஏதாச்சும் ஆகிட்டா?"

"ஆனா என்னா, வந்த வழியில திரும்பி வந்துக்கலாம். மலையில ஏறுனவளுக்கு எறங்கத் தெரியாதா?"

அப்படித்தான் நீ ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாய். சதுர ஜன்னல் போட்ட பொத்தானையும் நீளப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் இங்கிலீஷ் தமிழாக மாறும் என்பது உன் கண்டுபிடிப்பு. அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கீழே மூலையில் இருந்த நுணுக்க எழுத்தைத் தேடி நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அதே ஜன்னல் பொத்தானோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை முழுவதும் பெரிதாகிப் பூதக் கண்ணாடி வைத்தது போல் வரும் என்பதும் உன் கண்டுபிடிப்புதான். அது நடந்த அன்று நாம் இரண்டு பேரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறுபிள்ளைகள் மாதிரி திரையெங்கும் அலைந்தோம். ஒரு எழுத்து ஒரு வீடு அளவுக்கு நின்றது. 'ஞ' என்ற எழுத்தின் வளைவுக்குள்ளே போய்ப் போய் வந்தாய். "இங்கின ஒரு கட்டிலப் போட்டுப் படுத்துக்கலாம் போல இருக்கே," என்றாய். அன்று ஒரு வரிகூடத் தட்டவில்லை.

தப்பாகத் தட்டிவிட்டால் பின்னோக்கிப் போகிற இரண்டு பொத்தான் உண்டு என்று தெரிந்ததும் நீ வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தட்டிப் பார்த்தாய். ஒரு குழந்தையின் அப்பா பெயரை மூன்று முறை அழித்தாய், மூன்று முறை திரும்ப வரவழைத்தாய். "பாவம் மனுசன், செத்துச் செத்துப் பொழைக்கிறாரு," என்று நான் சொல்ல, சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்துவிட்டது.

தட்டியதையெல்லாம் எங்கே வைப்பது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாம் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு ஒரு கோப்பு. திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வரிசை. உள்ளே இன்னொரு பெட்டிக்குள் போட்டு வைக்கலாம் என்று நீ சொன்னாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் வேலை பார்த்த புத்தி அது. மேசைமேல் விரித்துக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் என்னைப் பொறுத்தவரை சரக்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை. எட்டு மாதத்தில் வரிசை மூன்றாகிவிட்டது. மூன்றுக்கும் தலைமாட்டில், இடது மூலையில், குப்பைத் தொட்டியின் படம்.

அந்த எட்டு மாதத்தை இப்போது நினைத்தால் ஒரே ஒரு நீளமான காலை நேரம் போலத்தான் தெரிகிறது. நீ இரண்டு பஸ் மாறி வந்து சேருவாய். சேலை ஓரம் நனைந்திருக்கும். பிளாஸ்கில் இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி. நீ வாசிப்பாய், நான் தட்டுவேன். பிறகு நான் வாசிப்பேன், நீ தட்டுவாய். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டம், குடியிருக்கும் லயத்து நம்பர், ஞானத்தாய், ஞானத்தந்தை. யாரோ ஒரு குழந்தை நூறு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் அழுதது உன் குரலில் கேட்கும். சில பக்கங்களை நாம் தட்டி முடித்ததும் அவை மேசையிலேயே உதிர்ந்துபோயின. தூளை ஊதிவிடாமல் ஒரு கவரில் அள்ளி வைத்தாய். அந்தப் பெயர்களெல்லாம் அதன் பிறகு இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன. அதனால்தான் நான் அன்று அப்படிப் பதறினேன். பதறியதற்குக் காரணம் சொல்கிறேன், பேசியதற்கு இல்லை.

அது என் வீட்டுக்காரரின் நினைவு நாள். அவர் போய்ப் பதினோரு வருஷம். நான் அவருக்காகக் காலைப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு ஆபீசுக்கு வர நேரமாகிவிட்டது. நீ முதல் பஸ்ஸிலேயே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தாய். என் பின்னாலேயே பெரகலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பாஸ்போர்ட்டுக்கு அவள் அப்பாவின் ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும். எந்த வருஷம் என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது உதிர்ந்துபோன பக்கம். பரவாயில்லை, கணினியில் இருக்கிறது என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

திரையில் ஒன்றும் இல்லை. மூன்று வரிசையும் இல்லை. எட்டு மாத வேலை துடைத்துவிட்டது போலிருந்தது. அந்த இடத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் விரிந்திருந்தது. கோயில் வாசலில் கரோல் பாடகர் குழு. நடுவில், கழுத்தில் டோலக்கை மாட்டிக்கொண்டு, இருபது சொச்சம் வயதில் என் வீட்டுக்காரர்.

நீ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எப்படிச் சந்தோஷப்படப் போகிறேன் என்று பார்க்கக் காத்திருந்தாய். நான் கேட்டது: "ஃபைலெல்லாம் எங்க?"

"இருக்கு புள்ள. அழிக்கல, மூடித்தான் வச்சிருக்கேன். கொஞ்சம் தள்ளு, எடுத்துத் தாரேன்."

மூடுவதா? கணினியில் அப்படி ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது. நீ மவுஸுக்குக் கை நீட்டினாய். நான் அதைப் பிடுங்கினேன். "தொடாத! செத்தவரக் கொண்டாந்து வைக்கிறதுக்கு உசுரோட இருக்கிறவங்க பேரையெல்லாம் அழிச்சிட்டியே!" என்று கத்தினேன். அந்தப் பெரகலைப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நீ மறுபடியும், "இல்ல ஸ்டெல்லா, கேளு..." என்று தொடங்கினாய். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"கொழுந்து கிள்ளுற கையக் கொண்டாந்து இதுல வச்சா இப்படித்தான் ஆகும்!"

எழுதும்போதே கூசுகிறது. டவுனில் துணிக்கடையில் நின்றவள் என்ற திமிர் எனக்குள் எங்கே அத்தனை காலம் குந்தியிருந்தது என்று தெரியவில்லை. உன்னோடு ஒரே பெஞ்சில் முழங்காலிட்டவள், உன் பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்தவள் சொன்ன வார்த்தை அது. நீ நீட்டிய கையை மெதுவாக இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய். கண் கலங்கினதாக எனக்கு ஞாபகமில்லை. பையை எடுத்தாய். அந்தப் பெண்ணைப் பார்த்து, "அடுத்த கெழம வாங்க, கண்டிப்பா கெடைக்கும்," என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனாய்.

நான் பின்னால் வரவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். ஜன்னல் பொத்தான் வழியாகப் போய்ப் பின்னணிப் படத்தை மாற்றுவது நீ எனக்கு முதன்முதலில் கற்றுத்தந்த வித்தை. அதை வைத்தே அந்தப் படத்தை எடுத்துவிட்டுப் பழைய நீலத்தைப் போட்டேன். அது புதன்கிழமை. வியாழனும் வெள்ளியும் வீம்பாக முதல் பக்கத்திலிருந்து தட்டத் தொடங்கினேன். ஞாயிறு பூசைக்கு நீ வருவாய், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட நாள் பார்த்தவள் நான்.

ஞாயிறு விடிந்ததும் மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நீ விழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது என்று பாதர் பிரசங்கத்துக்கு முன்னால் சொன்னார்.

உன் அடக்கம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தேயிலைக்கு நடுவே ஏறும் பாதை, முன்னால் போகிறவர்களின் குடைகள், பனியில் பெட்டி மட்டும் தனியாக மிதந்து போவது போல ஒரு தோற்றம். லயத்து வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் கைகளை ஜெபமாலை சுற்றிக் கோத்து வைத்திருந்தார்கள். விரல் நுனிகளில் தேயிலைக் கறை. ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் போகவில்லை. நான் அந்தக் கைகளைத் தொடப் போனேன். தொட எனக்கென்ன யோக்கியதை என்று நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும். ஆபீசில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தட்ட மனம் வரவில்லை. உன் பத்து நிமிஷம் வந்தது. நீ செய்வது போலவே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. இத்தனை மாதத்தில் நான் ஒருதரம்கூட அழுத்தாத வலப் பக்கப் பொத்தானை, ஒரு வெற்றிடத்தில் வைத்து அழுத்தினேன். பட்டியல் விரிந்தது. முதல் வரியில் போய் நின்றேன். பக்கத்தில் இன்னொரு பட்டியல். மேலிருந்து கீழே வந்தேன். சில வரிகளுக்குப் பக்கத்தில் சரி என்று ஒரு குறி இருந்தது. கடைசி வரிக்கு இல்லை. ஏன் இதற்கு மட்டும் இல்லை என்று அதை அழுத்தினேன்.

விடிந்து கடை திறந்து லைட்டைப் போட்டதும் அலமாரித் துணியெல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் படுமே, அப்படி வந்தன. மூன்று வரிசையும். ஒரு கோப்பு குறையவில்லை. பெரகலைப் பெண்ணின் அப்பா, ஆறாம் நம்பர் லயம், மழையில் ஞானஸ்நானம் பெற்ற எல்லாக் குழந்தைகளும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். நீ சொன்னது அத்தனையும் உண்மை. நான் மேசையில் தலையை வைத்துச் சத்தம் போட்டு அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மூன்றாம் வரிசையின் கடைசியில் எனக்குத் தெரியாத ஒரு கோப்பு இருந்தது. பெயர்: 'ஸ்டெல்லா பார்க்கவும்'. நீ தட்டியது. அந்தப் புதன்கிழமை காலையில், நான் பூசையில் இருந்த நேரத்தில். நான் உன்னைத் திட்டுவதற்கு முன்னால்.

"ஸ்டெல்லா பயப்படாத. எல்லாம் இருக்கு. மூடித்தான் வச்சிருக்கேன். எடுக்கணும்னா வெறும் எடத்துல வலப் பக்கத்த அமுக்கு. மொத வரிக்குப் போ. அதுல கடைசி வரிய அமுக்கு. எல்லாம் வந்திரும். இது கோயில் ஜூபிலிக்குச் சேத்து வச்ச படப் பெட்டியில கெடைச்ச படம். பதுளை ஸ்டூடியோவுல குடுத்துக் கம்ப்யூட்டர்ல வைக்கிற மாதிரி போட்டுக்கிட்டு வந்தேன். இடது பக்கம் மேல கதவோரத்துல நிக்கிற புள்ளையப் பெருசாக்கிப் பாரு. குப்பத் தொட்டி அது மூஞ்சி மேலயே உக்காந்திருந்துச்சு. நகத்தி நகத்தி வச்சாலும் திரும்ப அங்கயே வந்து உக்காருது. மூஞ்சி மேல குப்பத் தொட்டிய வச்சிக்கிட்டு நாள் பூரா எப்பிடிப் பாத்துக்கிட்டு இருக்கிறது. அதான் மூடுனேன்."

அட பைத்தியக்காரி. மூடியதை எடுக்கும் வழியை எழுதி, அதையும் அந்தத் திரையிலேயே வைத்து, அதோடு சேர்த்து மூடிவிட்டாய். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உனக்கு மறுபடியும் இருமல் வந்திருக்கும்.

நம் ஊர்ப் பக்கம் யாரும் படத்தில் இருக்கிற முகத்தின்மேல் எதையும் வைக்க மாட்டார்கள். பூ வைத்தாலும் பக்கத்தில்தான் வைப்பார்கள். அதை நான் அன்று யோசிக்கவேயில்லை. படத்தைத் தேடி எடுத்து மறுபடி விரித்தேன். வரிசைகளை மூடினேன். ஜன்னல் பொத்தானையும் கூட்டல் குறியையும் அழுத்தினேன். இடது பக்கம், மேலே, கதவோரம். குழுவோடு சேராமல், இரட்டைச் சடையோடு ஒரு பெண். பத்தொன்பது வயசு இருக்கும். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவள் மட்டும் டோலக் அடிக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அது நான். அந்தக் கிறிஸ்மஸுக்கு நான் சித்தி வீட்டுக்கு வந்திருந்தேன். படம் எடுத்ததே எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் முதலில் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் படத்தில் நீயும் இருக்கிறாய், இரண்டாம் வரிசையில், வாயைத் திறந்து பாடிக்கொண்டு. அன்றைக்கே என்னைக் கவனித்து, நாற்பது வருஷத்துக்கு மேல் நீ அதைத் தெரிந்து வைத்திருந்தும், ஒரு நாளும் என்னைக் கேலி செய்யவில்லை. செத்தவருக்காக உயிரோடு இருக்கிறவர்களை அழித்துவிட்டாய் என்று நான் கத்தினேன். நீ மூடியது உயிரோடு இருக்கிற எனக்காக.

பெரகலைப் பெண்ணைச் சொல்லியனுப்பி வரவழைத்து, பத்திரத்தைக் கொடுத்து அனுப்பிய மறுநாள் நமுனுகுலவுக்குப் போனேன். உன் மகள் வேலை முடிந்து வரும்வரை லயத்து வாசலில் காத்திருந்தேன். அவள் வந்ததும், நான் சொன்ன வார்த்தையை ஒரு எழுத்துக் குறைக்காமல் அவளிடம் சொன்னேன். கொழுந்து பறித்துவிட்டு வந்தவளிடம் அதைச் சொல்வது எப்படி இருந்தது என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"அம்மா அப்பிடி ஒன்னுமே சொல்லலியே ஆன்ட்டி," என்றாள். "அன்னைக்கு வெள்ளனயே வந்துட்டாங்க. ஏம்மான்னு கேட்டேன். இன்னைக்கு அங்கிளோட நெனவு நாளு, ஸ்டெல்லா கொஞ்சம் தனியா இருக்கட்டும்னு வந்துட்டேன்னாங்க. திங்கக்கெழம மொத பஸ்ல போவணும், அதுக்கு அந்த ஃபைலெல்லாம் எடுக்கத் தெரியாது, தேடிக்கிட்டே இருக்கும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

புதன், வியாழன், வெள்ளி, சனி. நான்கு நாள் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு, சொந்த மகளிடம்கூடக் காட்டாமல் இருந்திருக்கிறாய். இப்போது அது என்னிடம் இருக்கிறது. மகள் மன்னித்துவிட்டாள், பாவசங்கீர்த்தனத்தில் பாதரும் மன்னித்துவிட்டார். இருந்தாலும் அதை நான் கீழே போடப் போவதில்லை. அது எனக்கு உபயோகமாக இருக்கிறது.

உன் இடத்துக்கு இப்போது உன் தோட்டத்திலிருந்தே ஒருத்தி வருகிறாள். நேற்று எதையோ அழுத்திவிட்டுத் திரை வெறுமையாகி, "ஐயோ, எல்லாம் போச்சுங்க," என்று கையை எடுத்துக்கொண்டாள். அவள் விரல் நுனியிலும் அதே கறை. எனக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியும். ஒரு நொடியில் எடுத்திருப்பேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி, என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "ஒன்னும் போகல, நீங்களே எடுங்க," என்றேன். அவள் எடுத்து முடிக்கும்வரை நான் மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.